தண்ணி மொசல்

பாவாத்தாளுக்கு முயல்களைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் அவள் செய்துவைத்த காரியத்தைக் கேட்டதும், ஐயோ பாவம், என்ன இளகின மனசு என்று யாராவது உச்சுக்கொட்ட ஆரம்பித்துவிடுவார்கள். இளகின மனசாவது மண்ணாவது! முயல் என்றால் அவளுக்குப் புழுக்கை, மூத்திர வீச்சம், கொறித்துப் பாழாக்கின மரக்கூண்டு, விடிந்ததும் குளத்துக் கரையில் குனிந்து அறுக்க வேண்டிய புல். இடுப்பு விட்டுப்போகும். அந்த ஜீவன்கள் என்றைக்காவது வாயைத் திறந்து ஒரு சத்தம் போட்டிருந்தாலாவது நாலு வார்த்தை திட்டி ஆறியிருப்பாள். அதுவும் கிடையாது. மூக்கை மட்டும் ஆட்டிக்கொண்டு இவளையே பார்த்துக்கொண்டிருக்கும்.

உக்கடத்துப் பெரிய குளத்தை ஒட்டி, பொங்கியண்ணக் கவுண்டருக்குச் சொந்தமான பழைய பஞ்சுக் கிடங்கு ஒன்று இருந்தது. பைக்காராவிலிருந்து கரண்டு வந்து, கோயமுத்தூரில் திரும்பின பக்கமெல்லாம் மில் சங்கு ஊத ஆரம்பித்த காலம் அது. கவுண்டர் தம்முடைய மில்லுக்குப் பக்கத்திலேயே புதுக் கிடங்கு கட்டிக்கொண்டு, இதைச் சும்மா பூட்டிப்போட்டிருந்தார். நரசிம்மலு டாக்டர் அதைக் கேட்டு வாங்கி, கூண்டு அடித்து, ஒரு மேஜையும் ஒரு அடுப்பும் போட்டு, முயல்களைக் கொண்டுவந்து அடைத்தார். கூட்டிப் பெருக்கவும் தீனி போடவும் ஓர் ஆள் வேண்டும் என்று சொல்லிவிட்டார். அப்படி வந்து சேர்ந்தவள்தான் பாவாத்தாள்.

அவள் பிறந்தது கொடுமுடிப் பக்கம் ஒரு தோட்டத்தில். தோட்டத்துக்காரருக்குப் பிறக்கவில்லை; அங்கே பண்ணையத்தில் இருந்த ஆட்களுக்குப் பிறந்தாள். நடக்கப் பழகியதும் சாணி அள்ளினாள், கொஞ்சம் வளர்ந்ததும் ஆடு ஓட்டினாள், வயசுக்கு வந்ததும் களை வெட்டினாள். சுப்பையனைக் கட்டிக்கொண்டாள். மழை பொய்த்துப்போன ஒரு வருஷம் இரண்டு பேருமாக மூட்டையைத் தூக்கிக்கொண்டு கோயமுத்தூருக்கு வந்தார்கள். சுப்பையனை மில்லில் எடுத்துக்கொண்டார்கள். நூல் மிஷினுக்கு முன்னால் நாளெல்லாம் நின்றபடி செய்கிற வேலை. நின்றான். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி ஒரே மகளை அந்தியூர்ப் பக்கம் கட்டிக் கொடுத்தார்கள். இனியாவது கொஞ்சம் அக்கடா என்று இருக்கலாம் என்று பாவாத்தாள் நினைத்த நேரத்தில் அவனுக்கு முட்டி வீங்கியது.

முதலில் வலது முட்டி. அப்புறம் இடது. பிறகு மணிக்கட்டு, விரல் கணு என்று ஒவ்வொன்றாக வரிசை கட்டிக்கொண்டு வந்தன. காலையில் கட்டையாக விறைத்துக் கிடப்பான். அவள்தான் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி உட்காரவைக்க வேண்டும். மில்லில் எத்தனை நாளைக்குப் பொறுப்பார்கள்? அவன் நின்ற இடத்தில் வேறொருவன் வந்து நின்றுகொண்டான். யாரோ ஒரு டாக்டர் வெள்ளைப் பொடி ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார். வீக்கம் வடியத்தான் வடிந்தது. ஆனால் வயிறு வெந்துபோய், ஒருநாள் ரத்தமாகக் கக்கினான். இனி அதைத் தொட்டால் ஆள் மிஞ்சமாட்டான் என்றுவிட்டார்கள். அதற்கப்புறம் நொச்சித்தழை ஒத்தடம்தான். தழையை வதக்கித் துணியில் முடிந்து சூடாக வைத்தால் வலி சற்று மட்டுப்படும். ஆளை எழுப்பி நிறுத்துகிற சக்தி அதற்குக் கிடையாது.

நரசிம்மலு டாக்டர் தேடியதும் இந்த இடத்தில்தான். வீக்கத்தை வடிக்க வேண்டும், வயிற்றைப் புண்ணாக்கக் கூடாது. அப்படி ஒரு மருந்து. மெட்ராஸில் படித்துவிட்டு வந்த மனுஷன். நோயாளிகளைப் பார்த்தால் மாடி வீடு கட்டியிருக்கலாம். முயல் காலுக்கு நூல் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே என்று சொந்தக்காரர்களே சிரித்தார்கள். போளுவாம்பட்டி மலையடிவாரத்திலிருந்து ஏதோ ஒரு மரத்தின் பட்டையை வரவழைத்திருந்தார். அதை இடித்து, நாளெல்லாம் காய்ச்சி, கசடு வடித்து, மறுபடியும் காய்ச்சினால் அடியில் செம்பழுப்பாக ஒரு குழம்பு மிஞ்சும். ஒரு சாக்குப் பட்டைக்கு ஒரு கிண்ணம் தேறினால் பெரிசு. இடிப்பதும் காய்ச்சுவதும் பாவாத்தாள் தலையில் விழுந்தது. அந்த நாற்றம், ஊறவைத்த பச்சைத் தோல் மாதிரி, அவள் நகக்கண்ணில் ஏறி உட்கார்ந்துகொண்டது. சோறு தின்னும்போதுகூடப் போகவில்லை.

வந்த அன்றைக்கே அவள் டாக்டரிடம் கேட்டுவிட்டாள். இதெல்லாம் முயலுக்குத்தானா, மனுஷனுக்கும் உண்டா என்று. சுப்பையன் கதையையும் ரத்தம் கக்கியதையும் சொன்னாள். டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"மொசலுக்கு இது கேட்டுதுன்னா, அடுத்தது மனுசருக்குத்தான் பாவாத்தா. அப்ப உன்ற ஊட்டுக்காரன் பேரு மொதல்ல இருக்கும்," என்றார்.

அன்றிலிருந்து அவள் கிடங்குக்கு வந்தது கூலிக்காக மட்டுமல்ல. மாட்டுக்கொட்டகையில் வளர்ந்தவளுக்குக் கூண்டு கழுவுவது ஒன்றும் புதிதில்லை. ஆனால் இப்போது ஒவ்வொரு முயலின் காலையும் பார்க்கும்போது அவளுக்குச் சுப்பையனின் முட்டிதான் தெரிந்தது. அந்தக் கால் வடிந்தால் இந்த முட்டி வடியும். அவளுக்கு விளங்கின கணக்கு அவ்வளவுதான்.

டாக்டரின் வேலை இப்படி. முயலின் பின்னங்காலில் டர்பன்டைன் தைலத்தை ஊசியால் ஏற்றுவார். கொஞ்ச நேரத்தில் பாதம் உப்பிச் சிவந்து சூடாகிவிடும். பாதி முயல்களுக்குக் காதில் சிவப்புச் சாயம் தொட்டு, பட்டைக் குழம்பைத் தண்ணீரில் கரைத்து வாயில் புகட்டுவார். மீதிப் பாதிக்குச் சாயமும் இல்லை, பட்டையும் இல்லை, வெறும் தண்ணீர். பிறகு தினமும் காலையில் ஒரு நூலைப் பாதத்தைச் சுற்றிப் பிடித்து, அளவுகோலில் வைத்து வீக்கத்தை எழுதிக்கொள்வார். பாவாத்தாள் முதல் வகைக்கு மருந்து மொசல் என்றும் இரண்டாவது வகைக்குத் தண்ணி மொசல் என்றும் பேர் வைத்துவிட்டாள். டாக்டரும் அப்படியே சொல்லப் பழகிக்கொண்டார். தண்ணி மொசலுக்குத் தீனியும் தண்ணீரும் தவிர வேறு எதையும் கொடுத்துவிடாதே என்று ஒருமுறைக்கு இரண்டுமுறை சொல்லியும் வைத்தார். ஏன் என்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. பட்டை கொஞ்சமாகத்தானே இருக்கிறது, எல்லாவற்றுக்கும் கொடுத்துக் கட்டுப்படியாகாது போலிருக்கிறது என்று அவளாக நினைத்துக்கொண்டாள்.

வினை எங்கே வந்தது என்றால், கூண்டுகள் எதிரும் புதிருமாக இருந்தன. மருந்து முயலுக்கு டாக்டர் பட்டை புகட்டும்போது, எதிர்க் கூண்டில் தண்ணி முயல் வீங்கின காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தது. பாவாத்தாள் அதன் முன்னால் போய் மறைத்து நின்றுகொண்டாள். இரக்கத்தால் அல்ல, பயத்தால்.

ஏங்கிப் பார்க்கிற கண்ணின் முன்னால் தின்றது உடம்பில் ஒட்டாது என்பது அவள் பிறந்த தோட்டத்தில் கைக்குழந்தைக்கும் தெரிந்த சங்கதி. தோட்டத்துக்காரம்மா தன் பையனுக்கு வாசலில் வைத்து நெய்ச்சோறு ஊட்டுவாள். சாணிக்கூடையோடு பாவாத்தாள் கட்டுத்தறிப் பக்கம் நிற்பாள். நின்றால் பார்க்கத்தான் செய்வாள். பசிக்கிற பிள்ளை வேறு எதைப் பார்க்கும்? அந்த அம்மாள் உடனே ஒரு உருண்டை உருட்டி, இலைத்துண்டில் வைத்து, எட்ட நின்றபடி போடுவாள். அந்தப் பிள்ளை பாத்துட்டே நின்னா எம்பையனுக்கு ஒட்டாதே என்பாள். பிரியத்தில் போட்ட சோறு இல்லை அது. கண்ணை வேறு பக்கம் திருப்பப் போட்ட சோறு. பாவாத்தாள் அதைத் தின்று வளர்ந்தவள். தன் கண்ணுக்கு அப்படி ஒரு விஷம் உண்டு என்று சின்ன வயசிலேயே நம்பிப்போனவள். மாட்டுக்குத் தவிடு வைத்தாலும் பக்கத்துக் கன்றுக்கு ஒரு பிடி வைக்காமல் அவளால் நகர முடியாது.

இங்கேயோ ஒரு பக்கம் மருந்து, எதிர்ப்பக்கம் வீங்கின காலோடு வாய் பார்க்கிற கூட்டம். இப்படி வாய் பார்க்கவைத்துக் கொடுத்தால் அந்த மருந்து எங்கே உடம்பில் பிடிக்கும்? பிடிக்காவிட்டால் சுப்பையன் கதி என்ன? நடுவில் சாக்குத் தொங்கவிட்டுப் பார்த்தாள். முயல்கள் ஒரே ராத்திரியில் கடித்துக் கிழித்துப்போட்டன. அப்புறம்தான் ஒத்தடம் ஞாபகம் வந்தது. எதையும் கொடுக்காதே என்றுதானே டாக்டர் சொன்னார்? இது வாய்க்குக் கொடுப்பது இல்லையே. மேலுக்கு வைப்பதுதானே.

அந்திப் பொழுதோடே டாக்டர் சைக்கிளில் ஏறிப் போனதும், பட்டை காய்ச்சின அடுப்பிலேயே நொச்சித்தழையை வதக்கினாள். தண்ணி முயல்களை ஒவ்வொன்றாக மடியில் போட்டு, வீங்கின பாதத்தில் பொறுக்கிற சூட்டில் ஒத்தி ஒத்தி எடுத்தாள். முதல் நாள் திமிறின. அப்புறம் அவை தாமாகவே காலை நீட்டின. முடித்ததும் அவற்றை எதிர்க் கூண்டைப் பார்க்கவிடாமல் திருப்பி உட்காரவைத்து, போதும், இனி அக்கட்டால பாக்காதீங்க என்று அதட்டிவிட்டு வீட்டுக்குப் போவாள். வீட்டில் சுப்பையன் அதே ஒத்தடத்துக்காகக் காத்துக் கிடப்பான். கை ஓய்ந்துபோகும். உட்கார்ந்தபடியே தூங்கிவிழுவாள்.

காலையில் டாக்டர் அளந்து பார்ப்பார். மருந்து முயலுக்கு வீக்கம் வடிந்திருக்கும். தண்ணி முயலுக்கும் வடிந்திருக்கும். டாக்டர் உதட்டைப் பிதுக்குவார். பட்டையைக் கூட்டிப் பார்த்தார், குறைத்துப் பார்த்தார், புது முயல்கள் வாங்கிவந்து திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்தார். அவர் முகம் வாடுவதைப் பார்த்துப் பாவாத்தாள் என்ன நினைத்தாள் தெரியுமா? கண்ணேறு இன்னும் போகவில்லை, தன் ஒத்தடம் பற்றவில்லை என்று நினைத்தாள். பொழுதோடே ஒருமுறை வைத்ததை வெடியாலும் டாக்டர் வருமுன் ஒருமுறை வைக்க ஆரம்பித்தாள். தலையெழுத்து என்றால் இதுதான். இழுத்துப்போட்டுக்கொண்டு செய்த வேலையாலேயே அவள் அந்த மருந்தின் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தாள்.

ஆடியில் ஆரம்பித்த வேலை தை கடந்தும் இழுத்தது. கவுண்டருக்கு மில் நன்றாக ஓடியதில் பஞ்சு வைக்க இடம் போதவில்லை. கிடங்கைத் திருப்பித் தரமுடியுமா என்று மரியாதையாகத்தான் கேட்டனுப்பினார். அன்றைக்கு மத்தியானம் டாக்டர் காலிப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பொத்தானைக் கூடச் சரியாகப் போடவில்லை. நாளையிலிருந்து வரவேண்டாம், வேறு இடத்தில் வேலைக்குச் சொல்லி வைக்கிறேன் என்றார் அவளிடம்.

வேலை போனால் போகிறது. பட்டை என்னவாகும் என்று கேட்டாள் பாவாத்தாள்.

"பட்டையில ஒண்ணும் இல்ல பாவாத்தா. அதைக் குடிச்ச மொசலுக்கு என்னைக்கு வடியுதோ அன்னைக்கே தண்ணி குடிச்ச மொசலுக்கும் வடியுது. தானா வடியற வீக்கத்துக்கு மருந்து எதுக்கு? தண்ணி மொசலு ஆறாமக் கெடந்தாத்தான், இது மருந்துல ஆறுச்சுன்னு நான் நாலு பேருகிட்டச் சொல்ல முடியும்."

கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஏழெட்டு மாதமாக அந்தத் தண்ணீர் எதற்கு என்று அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது.

"தானா வடியலீங்க," என்றாள். "நாந்தானுங்க வடிய வெச்சுப்போட்டேன்."

நொச்சித்தழை, அடுப்பு, வாய் பார்க்கிற கண், ஒட்டாத மருந்து, எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அவர் எழுந்து கையிலிருந்த நூல்கண்டைச் சுவரில் விட்டெறிந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று அவள் நினைத்தாள். அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பாள். ஆனால் அவர் வாசல்வரை போனார். திரும்பி வந்து, இத்தனை நாள் ஏன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டார். இதைப்போய் யாராவது சொல்லுவார்களா, தெரிந்ததுதானே என்று நினைத்ததாக அவள் சொன்னாள். நானும் உனக்குக் காரணம் சொல்லவில்லை, தெரிந்ததுதானே என்று நினைத்துவிட்டேன் என்றார் அவர். குரலில் கோபம்கூட மிச்சமில்லை. அத்தனை அலுத்துப்போயிருந்தார்.

கவுண்டரிடம் கெஞ்சிக் கூத்தாடிச் சித்திரை முடியும்வரை தவணை வாங்கினார். மறுபடியும் முதலிலிருந்து. அதே ஊசி, அதே தைலம். இந்தத் தடவை பாவாத்தாளின் கைகளுக்கு வேலை இல்லை. அதுதான் அவளுக்குப் பெரும்பாடாகப் போயிற்று. முயல் கத்தாது என்று சொன்னேன் அல்லவா? வலி தாங்கமுடியாவிட்டால் பல்லைக் கடிக்கும். கர்கர்ரென்று மெல்லிய சத்தம். இத்தனை நாள் ஒத்தடம் வைத்ததால் அது அவள் காதில் விழுந்ததே இல்லை. இப்போது நாளெல்லாம் விழுந்தது. முயலைப் பிடிக்காது என்று எத்தனை தடவை சொன்னாலும் அந்தச் சத்தம் அவளை விடவில்லை. வாசலில் போய் நின்றுகொள்வாள். முந்தானையைக் காதில் வைத்து அழுத்திக்கொள்வாள். தண்ணி முயல்கள் பழைய ஞாபகத்தில் அவளைக் கண்டதும் காலை நீட்டின. போங்க அக்கட்டால என்று சீறிவிட்டுப் புல்லைப் போட்டுவிட்டு வந்துவிடுவாள்.

பட்டை வேலை செய்தது. சிவப்புக் காதுக்காரர்களின் பாதம் சீக்கிரமே வற்றியது. மற்றவை உப்பியது உப்பினபடியே கிடந்தன. டாக்டர் அளந்ததையே திரும்பத் திரும்ப அளந்தார். பிறகு மருந்து முயல்களில் சிலவற்றைக் கொன்று, வயிற்றைப் பிளந்து, குடலைத் திருப்பிப் புண் இருக்கிறதா என்று பார்த்தார். வெள்ளையாக, சுத்தமாக இருந்தது. பாவாத்தாள் குளத்தோரம் குழிதோண்டி அவற்றைப் புதைத்தாள். டாக்டர் ஒரு வாரம் தாமே அந்தக் கஷாயத்தைக் குடித்துப் பார்த்து, தமக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டார். அதன்பிறகுதான் மனுஷர்களுக்கு ஆள் அனுப்பினார்.

மில்களில் முட்டி போய், கை போய் வீட்டில் கிடந்தவர்கள் கோலூன்றியும் வண்டியிலும் வந்து கிடங்கு வாசல் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். சுப்பையன் சவரம் செய்துகொண்டு, வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தான். கல்யாணத்துக்குப் போகிறவன் மாதிரி அவன் முகத்தில் ஒரு களை. டாக்டர் எல்லாரிடமும் ஒளிக்காமல் சொன்னார். உங்களில் பாதிப்பேருக்குப் பட்டைக் கஷாயம், பாதிப்பேருக்குக் கசப்பு ஒத்துப்போக வெறும் நிலவேம்புத் தண்ணீர். யாருக்கு எது என்று சொல்லமாட்டேன். மருந்து மெய்தான் என்று தெரிந்துவிட்டால், பட்டை வரவழைத்துப் பிறகு எல்லாருக்கும் உண்டு. எல்லாரும் தலையாட்டினார்கள். நீங்க பாத்து எதைக் குடுத்தாலும் சரிங்க என்றார்கள். ஒவ்வொருவனும் தண்ணீர் தனக்கல்ல, பக்கத்தில் இருக்கிறவனுக்கு என்றே நினைத்தான். சீட்டுக் குலுக்கிப் போட்டு, அதன்படி டாக்டர் பாட்டில்களில் பேர் ஒட்டினார்.

எடுத்துக் கொடுத்தவள் பாவாத்தாள். சுப்பையன் பாட்டிலின் மூடியைத் திறந்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. நிலவேம்பு மட்டும் மணத்தது. அந்தப் பச்சைத்தோல் நாற்றம், அவள் நகக்கண்ணில் இருந்த அந்த நாற்றம், அதில் இல்லை. அவன் ஒரே மடக்கில் குடித்துவிட்டு, கசப்புன்னா கசப்பு, நல்ல மருந்துதான் என்று வாயைத் துடைத்துக்கொண்டான்.

உள்ளே போய் டாக்டரிடம் சொன்னாள். அவருக்கு முகம் செத்துவிட்டது. அவள் மூக்கை அவர் மறந்துபோயிருந்தார்.

"சீட்டுல அப்படி விழுந்துருச்சு. உனக்குச் சொன்ன சொல்லு எனக்கு மறக்கலே. மாத்தச் சொன்னா மாத்தறேன். ஆனாப் பட்டை இருக்கறதே இவ்வளவுதான். அவனுக்குக் குடுத்தா, அந்த வேலனுக்குத் தண்ணி."

வேலன் பெஞ்சின் ஓரத்தில் இருந்தான். வயசு முப்பதுகூட இருக்காது. விரல்கள் கோணிக்கொண்டு போனதில் பாட்டிலை இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் இடுக்கிக் குடித்துக்கொண்டிருந்தான். பாவாத்தாள் அவனைப் பார்த்தாள், தன் புருஷனைப் பார்த்தாள். ஒருவேளை வேலனுக்காக இரங்கினாளோ என்னவோ. ஆனால் அவள் முக்கியமாக நினைத்தது வேறு. போன தடவை கை வைத்துத்தான் எல்லாம் பாழாயிற்று. இந்தத் தடவையும் கலைத்துவிட்டால் கவுண்டர் கிடங்கை வாங்கிக்கொள்வார், டாக்டர் போய்விடுவார், பட்டை மலையிலேயே இருந்துவிடும். அப்புறம் சுப்பையனுக்கு இந்த ஜென்மத்தில் மருந்து இல்லை. இருக்கட்டுங்க என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

சோதனை முடியும்வரை அவர்கள் யாருக்கும் ஒத்தடமும் கூடாது என்பது டாக்டரின் கட்டளை. வீட்டில் சுப்பையன் பழக்கத்தில் காலை நீட்டுவான். டாக்டர் கூடாதுன்னு சொல்லிப்போட்டாருங்க என்பாள். அவர் சொன்னாச் சரிதான் என்று காலை மடக்கிக்கொள்ளப் பார்ப்பான், மடங்காது. ராத்திரியெல்லாம் முனகினான். காலையில் வண்டியில் ஏற்றும்போது துண்டை வாயில் திணித்துக் கடித்துக்கொண்டான்.

அன்றைக்கும் அப்படித்தான் வந்து இறங்கினான். டாக்டர் முட்டியைச் சுற்றி நாடாவை வைத்து அளந்தார். புருவத்தைச் சுருக்கினார். பிறகு எல்லாரிடமும் கேட்கிற மாதிரி, வலி எப்படி இருக்கிறது என்று கேட்டார். சுப்பையன் துண்டை இடுப்பில் கட்டி, கோணின விரல்களைக் கூப்ப முடிந்த அளவு கூப்பினான்.

"இப்ப நல்லாத் தேவலைங்க. ராத்திரி அலுங்காமத் தூங்கினேனுங்க. உங்க புண்ணியமுங்க."

டாக்டர் பேனாவை எடுத்தார்.

"பொய்யிங்க," என்றாள் பாவாத்தாள். "ஒரு பொட்டுத் தூங்கலீங்க. வண்டியில துண்டைக் கடிச்சுட்டு வந்தாருங்க. அவருக்கு ஒண்ணுமே கேக்கலீங்க. அப்படியே எழுதிக்குங்க."

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டர் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. குனிந்தபடி எழுதிக்கொண்டு அடுத்த ஆளிடம் நகர்ந்தார். சுப்பையனுக்கு முகமெல்லாம் கறுத்துப்போயிற்று. வண்டிப் பக்கம் போனதும் மெதுவாகத்தான் கேட்டான்.

"ஏம்புள்ள, குடுக்கற மனுசன் மூஞ்சிக்கு நேராப் போயி, உங்க மருந்து கேக்கலீன்னு சொல்றதா? நல்லாருக்குதா இது?"

அது மருந்தே இல்லை என்று சொன்னால் டாக்டரின் கணக்குக் கலைந்துவிடும். தப்புத்தானுங்க என்றாள். வண்டியில் ஏற்ற அவன் முட்டிக்கு அடியில் கைகொடுத்துத் தூக்கினாள். முட்டி கொதித்துக்கொண்டிருந்தது. டாக்டர் நாடாவை வைக்கிற நேரத்துக்கு நாளைக்கும் இது இப்படியே கொதிக்க வேண்டும் என்று, கட்டின புருஷனின் காலைக் கையில் பிடித்துக்கொண்டு, பாவாத்தாள் சாமியை வேண்டிக்கொண்டாள்.